ஊவாவின் புல்லும் மாடும்

பத்தாம் வகுப்பில் முல்லைத் திணையைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்த ஒரு காலை, மாணவன் ஒருவன் தாமதமாக வந்து வாயிலில் நின்றான். காரணம் கேட்டேன். "புல்லுக்குப் போயிருந்தேன், சேர்" என்றான். அவன் விரல்களில் மானாப்புல் கிழித்த கோடுகள் தெரிந்தன. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை, ஆநிரை மேய்த்தல் அந்நிலத்து மக்களின் தொழில் என்றெல்லாம் கரும்பலகையில் எழுதி முடித்திருந்தேன். அவனுடைய வீட்டிலும் ஒரு பசு உண்டு. ஆனால் அது மேயப் போவதில்லை. மேய்வதற்கு அதற்கு நிலமில்லை. விடியுமுன் அவனும், கொழுந்து நிறுத்த பின்னர் அவன் தாயும், தேயிலை மலையின் விளிம்புகளிலும் ஓடைக்கரைகளிலும் அறுத்துச் சுமந்து வருவதே அதன் உணவு. அறுக்கும் இடமும் அவர்களுடையதன்று. காவற்காரர் கண்டால் கத்தி பறிபோகும்.

பதுளையைச் சுற்றியுள்ள மலைநாடோ புல்லுக்குப் பெயர்பெற்றது. புல்வெளிகளின் நாட்டில் ஒரு பசுவுக்கான புல்லைக் களவுபோல அறுக்கவேண்டிய நிலை எவ்வாறு வந்தது? அவனுக்குத் தாமத அடையாளம் இட்ட நாளிலிருந்து இந்த வினா என்னை விடவில்லை. விடை தேடிப் போனால், ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

பத்தனை என்னும் நிலம்

பதுளையிலிருந்து வெலிமடை, பண்டாரவளை, தியத்தலாவைப் பக்கங்களுக்குச் செல்வோர் மரமற்ற புற்குன்றுகள் அலையலையாக விரிந்து கிடப்பதைக் காணலாம். சிங்கள மக்கள் இவற்றைப் 'பத்தன' என்பர். தோட்டத் தமிழில் அது 'பத்தனை' ஆயிற்று. திறந்த புல்வெளிக்குத் 'தலாவ' என்றும் ஒரு பெயருண்டு. தியத்தலாவை என்ற ஊர்ப்பெயரில் அச்சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ 5,000 அடி உயரத்தை எல்லையாகக் கொண்டு, மேலேயுள்ள ஹோர்ட்டன் சமவெளி போன்றவற்றை ஈரப் பத்தனை என்றும், கீழேயுள்ள ஊவாக் குன்றுகளை உலர் பத்தனை என்றும் தாவரவியலார் பிரிப்பர். 1899இல் பியர்சன் என்பவர் இவற்றைப் பற்றி விரிவாக எழுதியது முதல், இங்கே காடு வளராமைக்குக் காரணம் மண்ணா, மழையா, மனிதன் இட்ட தீயா என்ற வாதம் நடந்து வருகிறது.

உலர் பத்தனையின் முக்கியமான புற்கள் மானாவும் இலுக்கும். முற்றிய மானாப்புல் முரடானது, நெய்வாசம் வீசுவது, மாடு அதில் வாய் வைக்காது. இளந்தளிரையே விரும்பித் தின்னும். ஆகையால், கோடையில் பத்தனைக்குத் தீயிடுவதும், மழை விழுந்தபின் தளிர்க்கும் புல்லில் மந்தையை விடுவதும் கிராமத்தவர் வழக்கம். ஊவாவின் பருவமும் இதற்கு இசைந்தது. ஆடி, ஆவணி மாதங்களில் உலர்ந்த காற்று வீசும். ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவமழை பொழியும். பயிர் நிற்கும் காலத்தில் மாடுகள் மேட்டிலுள்ள பத்தனையில் மேயும். அறுவடை முடிந்ததும் வயலுக்கு இறங்கித் தாளை மேய்ந்து, சாணத்தை வயலுக்கே கொடுக்கும். எருமைகள் சேறு மிதிக்கும். களத்திலே சூடு மிதிக்கும். மேட்டுப் புல்லும் பள்ளத்து நெல்லும் ஒரே குடித்தனத்தின் இரு அறைகளாக இருந்தன.

இந்த ஒழுங்கில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அளவுக்கு மிஞ்சித் தீயிட்டால் மேல்மண் மழையில் கரைந்து ஓடும். புல்லும் ஆண்டுக்கு ஆண்டு மெலியும். எனினும், எந்தச் சரிவை எப்போது எரிப்பது, எதை விட்டுவைப்பது என்ற அறிவு ஊராரிடம் இருந்தது. பத்தனை ஒருவர் பெயரில் எழுதப்படாத நிலம். ஆனால் பயனற்ற நிலம் அன்று.

ஊவாவுக்கு உப்பு வந்ததும் மாட்டின் முதுகில்தான். கிழக்குக் கரையிலிருந்து முஸ்லிம் வணிகர்கள் உப்பும் கருவாடும் பொதிமாடுகளில் ஏற்றி மலையேறி வந்தனர். பாக்கும் தானியமும் ஏற்றிக்கொண்டு திரும்பினர். அந்தப் பொதிமாட்டு வரிசைக்குத் தவளம் என்று பெயர். மாட்டு மந்தையைச் சிங்களத்தில் 'பட்டிய' என்பர். தமிழில் மாடு அடையும் இடம் 'பட்டி'. ஒரே சொல் இரு மொழியிலும் வாழ்வது, இவ்விரு மக்களின் உழைப்பு எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதற்குச் சான்று.

1818

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் வசமாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1817 செப்டெம்பரில், ஊவா-வெல்லஸ்ஸ பகுதியில் கிளர்ச்சி மூண்டது. அதை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை கிளர்ச்சிக்காரருடனேயே சேர்ந்துகொண்டார். 1818 நவம்பர் 26ஆம் நாள் கண்டியில் அவர் தலை வெட்டப்பட்டது. இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உண்டு. அதில் அதிகம் பேசப்படாத செய்தி, கிளர்ச்சி எவ்வழியில் அடக்கப்பட்டது என்பதாகும். தேசாதிபதி பிரவுன்றிக்கின் படைகள் வீடுகளைக் கொளுத்தின, தானியத்தை அழித்தன, மாடுகளைக் கவர்ந்தும் கொன்றும் தீர்த்தன. அக்காலத்தில் இலங்கையில் பணியாற்றிய படை மருத்துவர் ஜோன் டேவி, 1821இல் வெளியிட்ட நூலில், ஊவாவில் தாம் கண்ட பாழ்நிலையைப் பதிவு செய்திருக்கிறார்.

உழவனைப் பணிய வைக்க அவனுடைய மாட்டைக் கொன்றால் போதும் என்பதை அப்படை நன்கு உணர்ந்திருந்தது. எருமை இல்லையேல் சேறு மிதிப்பு இல்லை. சேறு மிதிப்பு இல்லையேல் விதைப்பு இல்லை. வாளுக்குத் தப்பியவனைப் பசி பிடித்துக்கொள்ளும்.

நம் புறத்திணை இலக்கணம் பகைவரின் நிரையைக் கவர்தலை வெட்சி என்றும், மீட்டலைக் கரந்தை என்றும் கூறும். 1818இல் ஊவாவில் நடந்ததையாவது அவ்விலக்கணத்துள் எவ்வாறேனும் அடக்கலாம். அதற்கு 22 ஆண்டுகளுக்குப் பின் நடந்ததை அடக்க வழியில்லை. அப்போது கவரப்பட்டது நிரையன்று. நிரை நின்ற நிலம்.

'தரிசு' என்னும் சொல்

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியேற்றமற்றவை, பயிரிடப்படாதவை ஆகிய நிலங்கள் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று கொள்ள வேண்டுமென விதித்தது. கண்டி நாட்டில் விட்டுவிட்டுப் பயிரிடும் சேனை நிலத்துக்குக்கூடச் சன்னஸோ வரி கட்டிய சான்றோ காட்டவேண்டும். மாடு மேய்வதற்கு யார் சன்னஸ் எழுதினார்? பத்தனையில் மேய்ந்த மாட்டுக்கு எந்த அரசன் வரிச்சீட்டுத் தந்தான்? தலைமுறை தலைமுறையாக ஊர் முழுவதும் பயன்படுத்திய நிலம், எவர் பெயரிலும் இல்லை என்ற ஒரே காரணத்தால் எவருக்கும் உரியதல்லாததாக்கப்பட்டது.

அவ்வாறு முடிக்குரியதான நிலம் ஏக்கர் 5 சிலிங் விலையில் விற்கப்பட்டது. 1844இல்தான் அது ஒரு பவுணாக உயர்ந்தது. தேசாதிபதி முதல் நீதிபதி, படை அதிகாரி, பாதிரியார் ஈறாக அன்றைய ஆளும் கூட்டத்தார் கோப்பி பயிரிட நிலம் வாங்கினர். சட்டம் இயற்றியவனும் விற்றவனும் வாங்கியவனும் ஒரே வட்டத்தில் இருந்தால், 'தரிசு' என்ற சொல்லின் பொருளை அவர்கள் விரும்பியவாறு வகுத்துக்கொள்ள என்ன தடை? 1897இல் வந்த தரிசு நிலச் சட்டம் இவ்வேலையை மேலும் முறைப்படுத்தியது.

எருவுக்கு மாடு, வண்டிக்கு மாடு

இங்கே ஒரு விந்தை உண்டு. ஊரின் மாட்டை வெளியேற்றிய கோப்பித் தோட்டத்தால் மாடில்லாமல் வாழ முடியவில்லை. சரிவில் காடழித்து நட்ட கோப்பி சில ஆண்டுகளில் மண்ணை உறிஞ்சிவிடும். எரு வேண்டும். எனவே துரைமார் தோட்டத்திலேயே மாட்டுத் தொழுவங்கள் கட்டினர், கினிப்புல் வளர்த்தனர், பத்தனையில் அறுத்த மானாப்புல்லைத் தொழுவத்தில் பரப்பி, சாணமும் மூத்திரமும் ஊறிய பின் அள்ளிச் செடிக்கு இட்டனர். அந்த எருவைக் கூடைகூடையாகச் சுமந்து சரிவேற்றியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த நம் முன்னோர்.

விளைந்த கோப்பி கொழும்பு செல்லவும் மாடே வேண்டியிருந்தது. புகைவண்டி பண்டாரவளையை எட்டியது 1894இல். பதுளையை எட்டியது 1924இல். அதுவரை ஊவாவின் விளைச்சலைக் கணவாய் ஏற்றி இறக்கியவை கட்டைவண்டிகள். வெக்கை நோய் பரவி எருதுகள் செத்து விழுந்த காலங்களில், கோப்பி மூட்டை மட்டுமன்று, தோட்டத்துக்கு வரவேண்டிய அரிசியும் வழியில் தங்கியது. பசித்தவர் யாரென்று சொல்லவேண்டியதில்லை. உலகம் முழுவதும் அந்நோய் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது 2011இல்தான்.

தோட்டத்தின் மாடு தொழுவத்தில் நின்றது. ஊரின் மாடு எங்கே போகும்? பழைய வழக்கப்படி பயிருக்கே வேலி, மாட்டுக்குக் கட்டில்லை. கோப்பித் தோட்டத்துக்கோ வேலியில்லை. நேற்றுவரை மேய்ந்த சரிவுக்கு மாடு இன்றும் போயிற்று. அது இப்போது அத்துமீறல் ஆகிவிட்டது. மாடுகள் பிடிக்கப்பட்டன, தண்டம் விதிக்கப்பட்டது. 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறல் சட்டம், புகுந்த மாட்டைப் பிடித்து வைக்கவும் உரிமையாளனிடம் நட்டஈடு பெறவும் வழி செய்தது. நிலத்துக்குள் மாடு புகுந்தால் அத்துமீறல். மாட்டின் நிலத்துக்குள் தோட்டம் புகுந்தால் அது வளர்ச்சி.

கோப்பியும் நிலைக்கவில்லை. 1869இல் ஊவாவின் மடுல்சீமையில் இலைத்துரு நோய் முதலில் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அத்தொழில் சரிந்தது. அந்த இடத்தில் தேயிலை ஏறியது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதன்னையை வாங்கினார். புகைவண்டி வந்தபின் வண்டிமாடு தேவையற்றதாயிற்று. இரசாயன உரம் வந்தபின் எருமாடும் தேவையற்றதாயிற்று. தோட்டக் கணக்கிலிருந்து மாடு மெல்ல மறைந்து, தொழிலாளியின் லயத்துப் பின்புறத்துக்கு வந்து சேர்ந்தது.

லயத்துப் பசு

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் வாங்கித் தருவது ஆடி முதல் புரட்டாசி வரை வீசும் உலர்காற்று. அப்போது கொழுந்து குறையும், மணம் கூடும், விலை உயரும். அதே காற்றில்தான் புல் கருகும். பசுவின் மடி வற்றும். தோட்டத்தின் பொற்காலம் லயத்துப் பசுவுக்குப் பஞ்சகாலம். இயற்கை இருவருக்கும் ஒரே காற்றைத்தான் கொடுத்தது. அந்தக் காற்றின் ஆதாயம் ஒரு பக்கமும் வறட்சி மறுபக்கமுமாகப் பிரிந்தது நில உரிமையால்.

கணக்குப் பார்ப்போம். நானூறு கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ பச்சைப்புல் வேண்டும். பால் கறப்பது ஆண்டில் பத்து மாதம் போலத்தான். புல்லோ எல்லா நாளும் வேண்டும். நாள் முழுதும் கொழுந்து பறித்த பெண், அதற்குமேல் இந்தச் சுமையையும் தலையில் ஏற்றிக்கொண்டு சரிவிறங்குகிறாள். அவள் ஏன் மாடு வளர்க்கிறாள்? சம்பளம் போதாத வீட்டில், பால் விற்ற காசே பிள்ளையின் கொப்பியாகவும் சப்பாத்தாகவும் வருகிறது. கன்று விற்ற பணத்தில் பூப்பு நீராட்டும் திருமணமும் நடக்கின்றன. வங்கி வாயிலை மிதியாத குடும்பத்துக்குப் பசுவே வங்கி. 'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்று நம் முன்னோர் பொருள் கொண்டதை நிகண்டு பார்த்து அறியவேண்டியதில்லை. லயத்துக்குச் சென்றால் போதும்.

தோட்டத்தில் புல்லே இல்லையா? உண்டு. பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில், மறுபடி நடுமுன் மண்ணைத் தேற்றுவதற்காகக் குவாத்தமாலாப் புல்லையோ மானாவையோ ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வளர்ப்பர். அதை வெட்டி அங்கேயே மண்ணுக்கு மூடாக்காக இடவேண்டும் என்பது விதி. மண்ணியல் நோக்கில் அது சரியான விதியே. ஆனால் ஆளுயரம் வளர்ந்த புல்லைப் பார்த்துக்கொண்டு, பட்டினிப் பசுவை வீட்டில் வைத்திருக்கும் ஒருத்தியின் கண்ணுக்கு அது எவ்வாறு தோன்றும்? அவளுக்கென்று ஒரு துண்டு புல்நிலம் இருந்திருந்தால், மண்ணுக்குரிய புல்லை அவள் ஏன் தொடப்போகிறாள்?

இரு அயலார்

காலனி அரசு தான் பறித்ததன் விளைவைப் பின்னர் ஓரளவு உணர்ந்தது. 1935ஆம் ஆண்டின் நில அபிவிருத்திச் சட்டம், அரச நிலத்தில் கிராம விரிவாக்கத்துக்கும் கிராமக் காட்டுக்கும் கிராம மேய்ச்சலுக்கும் எனப் பகுதிகள் ஒதுக்கலாம் என்றது. 'கிராம மேய்ச்சல் நிலம்' என்ற கருத்து அவ்வாறு சட்டப்புத்தகத்தில் இடம்பெற்றது. சுதந்திரத்தின் பின் 1949இல் அமைந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு, தன் 1951ஆம் ஆண்டு அறிக்கையில், மத்திய, ஊவா மாகாணக் கிராமங்களின் நிலமின்மையையும் வறுமையையும் எடுத்துரைத்தது.

ஆனால், ஏட்டில் வந்த அந்த உரிமையும் ஒரு பகுதியினருக்கே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். நாடற்றவனுக்கு அரச நிலத்தில் பங்கேது? 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. கப்பலேறியவர்கள் விட்டுச் சென்றவற்றுள் பசுக்களும் உண்டு. என் பாட்டியின் அண்ணன் குடும்பம் தலைமன்னாருக்குப் புறப்பட்ட வாரத்தில், அவர்களுடைய சினைப்பசுவை அடிவாரத்துச் சிங்களக் குடியானவர் ஒருவர் வாங்கினார். பேசிய விலைக்குமேல் ஐந்து ரூபா கூடுதலாக வைத்து, "கன்று உங்களுடையது, அதற்கு இது" என்றாராம். பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் பெயரை மறக்காமல் சொல்வாள்.

அக்கதையை நான் நினைவூட்டுவதற்குக் காரணமுண்டு. ஊர்மாடு தோட்டத்தில் புகுந்தால் பிடிக்க அனுப்பப்படுபவன் தமிழ்த் தொழிலாளி. தோட்டத்தான் ஊரோரத்தில் புல்லறுத்தால் விரட்ட வருபவன் சிங்களக் குடியானவன். ஒரே சட்டத்தால் நிலமிழந்தவனும், அந்நிலத்தில் நிலமின்றி உழைக்க வைக்கப்பட்டவனும் ஒரு கட்டுப் புல்லுக்காக எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். பத்தனையைப் பறித்த கையோ இருவர் கண்ணுக்கும் தெரியாத தொலைவில் இருந்தது.

1975இல் பெருந்தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டபோதும், 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் நிறுவனங்களுக்குச் சென்றபோதும், மேய்ச்சல் நிலம் என்ற பேச்சே எழவில்லை. 1970களிலும் 1980களிலும் ஊவாவின் பத்தனைகள் பலவற்றில் பைன், யூக்கலிப்டஸ் மரங்கள் நடப்பட்டன. மரம் நடுதல் நல்லதே. ஆனால் பைன் மரத்தடியில் மாடு மேயும் புல் வளர்வதில்லை. மறுபடியும் பத்தனை 'வெறும் நிலம்' என்றே கணிக்கப்பட்டது. 1977க்குப் பின் கட்டுப்பாடின்றி வந்திறங்கிய பால்மா, உள்ளூர்ப் பாலின் விலையை அமுக்கியது. ஊவாவின் மேற்கெல்லைக்கு அப்பால், அம்பேவெலயில் ஐரோப்பிய இனப் பசுக்கள் கிக்கூயுப் புல்வெளியில் மேய, இப்பக்கத்து லயத்தில் பால்மா கரைத்த தேநீரே பிள்ளைக்குக் கிடைத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்ற நிலை ஒருவாறு தீர்ந்தது. நிலமற்ற நிலை தீரவில்லை. பின்னர் வந்த தனிவீட்டுத் திட்டத்தில் பேசப்பட்ட அளவு 7 பேர்ச். அதில் வீட்டைக் கட்டியபின் தொழுவம் எங்கே, புல் எங்கே?

அயல்நாடுகளில்

இக்கதை ஊவாவுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் பொதுமேய்ச்சல் நிலங்களை வேலியிட்டுக் கம்பளி ஆடுகளுக்கு ஒதுக்கியபோது, ஆடுகள் மனிதரைத் தின்னும் நாடாகத் தம் நாட்டை 1516இலேயே தோமஸ் மோர் கண்டித்தார். வட அவுஸ்திரேலியாவின் மாபெரும் மாட்டுப் பண்ணைகளில், தம் மூதாதையர் நிலத்திலேயே கூலிகளாக்கப்பட்ட குரிண்ஜி பழங்குடியினர், 1966 ஆகஸ்டில் வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளியேறினர். கூலி உயர்வோடு அவர்கள் நிற்கவில்லை, நிலத்தையே கேட்டனர். 1975இல் பிரதமர் விட்லம் ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையில் இட்டு, நிலத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். அங்கே மாடு மனிதனின் நிலத்தைத் தின்றது. இங்கே செடி மாட்டின் நிலத்தைத் தின்றது. இரண்டிலும் உழைத்தவன் கையில் நிலமில்லை. நம் நாட்டிலேயே, மட்டக்களப்பின் மயிலத்தமடுப் பண்ணையாளர் தம் மேய்ச்சல் தரைக்காக 2023இல் தெருவோரத்தில் அமர்ந்தனர். எழுதப்படாத மேய்ச்சல் உரிமை எவ்வளவு எளிதில் இல்லையென்றாகும் என்பதற்கு அது அண்மைச் சான்று.

கேட்கவேண்டியது என்ன?

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் சாணத்தைத் தேடியது. நவம்பரில் தடை தளர்ந்தது. அதற்குள் நெல்லும் தேயிலையும் பட்ட அடி பெரிது. அடுத்த ஆண்டு பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். எரு வேண்டுமானால் மாடு வேண்டும். மாடு வேண்டுமானால் புல் வேண்டும். புல் வேண்டுமானால் நிலம் வேண்டும் என்ற எளிய தொடர்ச்சியை இரு நூற்றாண்டுகளாக மறந்ததன் விலை அது.

வழி இல்லாமலில்லை. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவான கோ-3 என்னும் புல், நம் முன்னோர் வந்த வழியிலேயே இலங்கைக்கு வந்து வேரூன்றிவிட்டது. சிறிய நிலத்திலும் நிறைய விளையக்கூடியது. தோட்டங்களில் தேயிலை கைவிடப்பட்ட மலைகள் உள்ளன. அவற்றில் ஒரு பகுதியை லயத்து மக்களுக்கும் அடிவாரத்து ஊருக்கும் பொதுவான புல்நிலமாக அளந்து, எல்லைக்கல் நட்டு, பத்திரத்தில் எழுதித் தரலாம். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருத்து புதிதன்று; அதைத் தோட்ட எல்லைக்குள்ளும் செல்லுபடியாக்குவதே புதிது. தயவாகத் தரும் புல் நாளை மறுக்கப்படலாம். உரிமையாக எழுதப்பட்ட நிலத்தை அவ்வாறு மறுப்பது எளிதன்று.

ஆசிரியராகிய நாமும் மாணவரும் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. நம் பள்ளியைச் சுற்றி எந்தச் சரிவு முன்பு பத்தனையாக இருந்தது, அங்கே யார் மாடு மேய்த்தார், எந்த ஆண்டில் வேலி விழுந்தது என்பதை லயத்து முதியோரிடமும் ஊர் முதியோரிடமும் கேட்டு எழுதிவைப்போம். 1840இல் எழுதப்பட்ட சான்று இல்லை என்றே நிலம் போயிற்று. இம்முறை சான்றேனும் நம்மிடம் இருக்கட்டும்.

தாமதமாக வந்த மாணவனிடம் அந்த வேலையை முதலில் ஒப்படைத்திருக்கிறேன். அவன் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் இப்போது மூன்று சரிவுகளின் பெயர்கள் உள்ளன. இரண்டு சிங்களப் பெயர், ஒன்று தமிழ்ப் பெயர். மூன்றுக்கும் பொருள் புல்வெளி என்பதே.